மீண்டும் பாய் ஏற்றும் காலம்

மார்ச், ரொறன்ரோவில் யாருக்கும் பிடிக்காத மாதம். வீதியோரப் பனி கறுத்துப்போய்க் கிடக்கும், சப்பாத்தெல்லாம் உப்புக்கறை, மரங்களில் ஒரு துளிர்கூட இருக்காது. எனக்கோ இந்த மாதத்தில்தான் மனம் ஏரிப் பக்கம் ஓடத் தொடங்குகிறது. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிப் பாய்ப்படகுக் கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வந்த அன்றே பணத்தைக் கட்டிவிட்டேன். மேசையில் ஒரு துண்டுக் கயிறு கிடக்கிறது. தொலைபேசியில் கதைத்தபடியே அதில் முடிச்சுப் போட்டு அவிழ்க்கிறேன். காலையில் எழுந்ததும் வெப்பநிலையைப் பார்க்கும் முன்னர் காற்று எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்றுதான் பார்க்கிறேன். படகுகள் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழே கவிழ்ந்து கிடக்கின்றன. இருந்தாலும் பார்க்கிறேன்.

"அப்படி என்னதான் இருக்கு அந்த ஏரியில?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விருந்திலும் அதற்குப் பதில் சொல்ல நேரம் போதாது. இங்கே ஆறுதலாக எழுதலாம்.

ஸ்காபரோவில் இருக்கும் நம்மில் பலருக்கு ஒன்ராறியோ ஏரி என்றால் கோடையில் இறைச்சி வாட்டப் போகும் பூங்காவின் ஓரத்தில் தெரியும் நீலம். பிள்ளைகள் கல் எறிவார்கள், நாங்கள் படம் எடுப்போம், வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அந்த நீலம் 311 கிலோமீற்றர் நீளம், 85 கிலோமீற்றர் அகலம், மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர். இலங்கைத் தீவின் பரப்பில் கால் பங்குக்கும் மேலே. இவ்வளவு பெரிய நீர் பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருந்தும் அதன்மேல் கால்வைக்காமலே ஓர் ஆயுள் போய்விடலாம் என்பதை நினைக்க எனக்கு உண்மையிலேயே கவலை வரும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதில் அந்தக் கவலைக்கும் பங்கு உண்டு.

இந்த ஏரியின் வடகரையில், சிறு படகுகளுக்குப் பொருத்தமான ஒரு மூலை இருக்கிறது. வெளித்துறைமுகம் என்பார்கள். செரி பீச் கடற்கரையிலிருந்து கிழக்கே நீளும் கரையில் கழகங்கள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே லெஸ்லி வீதி முனையிலிருந்து ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஓர் அணை. சென் லோறன்ஸ் கடல்வழி 1959இல் திறந்தது. பெருங்கப்பல்கள் அணிவகுத்து வரும், அவற்றுக்கு இன்னொரு துறைமுகம் வேண்டும் என்ற நம்பிக்கையில் அந்தக் காலத்தில் கட்டத் தொடங்கிய அணை அது. நகரத்தில் இடித்த கட்டடங்களின் செங்கல்லும் கொங்கிறீற்றும், துறைமுகத்தின் அடியில் தோண்டிய மணலும் சேர்ந்து அணையாயின. கப்பல்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. கொள்கலன் சரக்கு அத்திலாந்திக் கரைத் துறைமுகங்களோடு நின்றுவிட்டது. ஆனால் அணை போட்டது போட்டதுதான். காற்று கொண்டுவந்த விதைகள் அதில் கொட்டன்வூட் மரங்களாக வளர்ந்தன. நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டின. அணைக்குள் அலை அடங்கிய நீரில் பாய்கள் வந்தன. பெரிய கப்பல்களுக்காகக் கட்டியதை பதினைந்து அடிப் படகுகள் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒவ்வொரு வருடமும் மகிழ்ச்சி.

அங்கே இருக்கும் கழகங்களில் ஒன்றின் பெயர் சென் ஜேம்ஸ் ரவுண் பாய்ப்படகுக் கழகம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய நம்மவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித் தரத் தேவையில்லை. பலரின் முதல் முகவரியே அந்த உயர்மாடிகள்தான். ஓர் அறையில் பலர் படுத்து எழும்பி, இரவு வேலைக்குப் போய்வந்த காலம். அதே கட்டடங்களின் பெயரில் ஏரிக்கரையில் பாய்ப்படகுகள் நின்றிருக்கின்றன என்பது அங்கே வாழ்ந்தபோது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இப்போது நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன். அப்பப்பாவின் தலைமுறை பாய்க்கப்பலில் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் போய்வந்த தலைமுறை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு சமுத்திரங்களைக் கடந்து, 1938 ஓகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாங்கள் பதின்பருவத்துக்கு வந்தபோது கடல் தடைசெய்யப்பட்டிருந்தது. கடற்படைப் படகுகள் தொடுவானத்தில் நிற்கும். மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று கரையில் காத்திருப்பார்கள். முற்றத்திலிருந்து அலைச் சத்தம் கேட்கும் வீட்டில் வளர்ந்தும், பாய் விரித்த படகில் ஒரு தரமேனும் போகாமல் நான் அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டேன்.

காற்று மட்டும் எங்களுக்கு மிஞ்சியிருந்தது. தைப்பொங்கலை ஒட்டி வாடைக்காற்று நிலைத்து வீசும். ஊரே பட்டம் ஏற்றும். பெரிய பட்டங்களுக்குக் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் விண் பூட்டி இரவிரவாக ஆகாயத்தில் விட்டிருப்பார்கள். படுக்கைப் பாயில் கிடந்தபடி அந்த விண் கூவும் சத்தத்தை வைத்தே காற்று ஏறுகிறதா, தணிகிறதா, திசை மாறுகிறதா என்று சொல்லிவிடலாம். நூலைக் கையில் சுற்றிப் பிடித்தவனுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அதைக் கற்றுக்கொண்டதாக அப்போது நினைக்கவில்லை. பல வருடம் கழித்து இந்த ஏரியில் முதன்முதலாகப் பாய்க்கயிற்றைப் பிடித்தபோது என் கை அதை நினைவில் வைத்திருந்தது. பாய் நிரம்பிக் கயிறு இழுத்த அந்தக் கணத்தில் எனக்கு என்னவோ செய்தது. பக்கத்தில் இருந்து கற்றுத்தந்த பெண்மணி, ஓய்வுபெற்ற நூலகர், "முன்பே ஓட்டியிருக்கிறாயா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம்.

முதலில் வருவது சிரமதானம். ஏப்ரல் கடைசியில் கழகத்து ஆட்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை கூடி, குளிர்காலம் செய்துவைத்த வேலைகளைச் சரிப்படுத்துவோம். மிதக்கும் இறங்குதுறைகளை மீண்டும் தண்ணீருக்குள் தள்ள வேண்டும். படகுகளைக் கழுவ வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஓர் இழையாவது அறுந்திருக்கிறதா என்று துணியால் துடைத்தபடி பார்க்க வேண்டும். அறுந்திருந்தால் துணி சிக்கும். சுக்கானைப் பொருத்தும் ஆணிகள், படகு பக்கவாட்டில் வழுக்காமல் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை ஏறி இறங்கும் பிளவு, கப்பிகள், கொளுவிகள் எல்லாவற்றையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்போம். வேலை நடுவில் யாராவது ஒரு பாயைப் புல்லில் விரிப்பார்கள். விரித்ததும் சுற்றி நிற்பவர்களின் பேச்சு குறைந்துவிடும். எல்லோரும் அதையே பார்ப்பார்கள். எனக்குப் பிடித்த நாட்களில் அது ஒன்று. கடற்கரைகளில் சொந்தமாகப் பெரிய படகு வைத்திருப்பவர்களைப் பார்த்து நான் ஏங்குவதில்லை. பலரும் பங்கிட்டு ஓட்டும் படகை பலரும் சேர்ந்து பழுதுபார்க்கும்போது, ஒரு கொளுவி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதுவரை தெரிந்துகொள்ளலாம். காசு கொடுத்துச் செய்விப்பவருக்கு அது கிடைக்காது.

எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் அல்பகோர் வகைப் படகுகள். இங்கிலாந்தின் உஃபா ஃபொக்ஸ் 1954இல் வடிவமைத்தவை. போர்க்காலத்தில் விமானம் கட்டுவதற்காக உருவான ஒரு முறையில், மெல்லிய மரத்தகடுகளை அச்சில் வைத்துச் சூடேற்றி ஒட்டித்தான் ஆரம்பத்தில் கட்டினார்கள். இப்போது கண்ணாடியிழை. 15 அடி நீளம், 240 இறாத்தல் எடை, இரண்டு பாய், இரண்டு ஆள். ஒருவர் சுக்கானும் பெரிய பாயும், மற்றவர் முன்பாயும் நடுப்பலகையும். எழுபது வருடமாகியும் ரொறன்ரோவில் இந்தப் படகுக்கு மவுசு குறையவில்லை. வேகமான படகுகள் எத்தனையோ வந்துவிட்டன. அல்பகோர் மெல்லிய காற்றிலும் போகும், பலத்த காற்றிலும் சமாளிக்கும், எழுபது வயதுக்காரரும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே படகில் உட்கார்ந்து ஓட்டலாம். எனக்கு இதைவிட வேறு படகு வேண்டாம்.

மே மாதத்து ஏரி அழகானது, ஆபத்தானதும்கூட. வெளியே 20 பாகை வெயில் அடிக்கும். தண்ணீர் இன்னும் ஆறோ ஏழோ பாகையில் இருக்கும். இவ்வளவு ஆழமான நீர் சூடாக மாதங்கள் எடுக்கும். மனித்தோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெக்ட் குளிர்நீரைப் பற்றிச் சொல்லும் கணக்கை எங்கள் கழகத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம்: 1, 10, 1. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, அதை அடக்கப் பார். அடுத்த பத்து நிமிடம் கைகால் வேலை செய்யும், அதற்குள் ஏறப் பார். நினைவு தப்ப ஒரு மணிநேரம் வரை ஆகலாம், அதுவரை நம்பிக்கையை விடாதே. உயிர்காப்பு அங்கி இல்லாமல் இந்தக் கணக்கில் முதல் நிமிடத்தையே தாண்டுவது கடினம். ஆகவே மே மாதத்தில் உடம்போடு ஒட்டிய தடித்த றப்பர் உடையும் அங்கியும் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். அந்த உடையைப் போட்டு ஏற்றுவதற்கே கால் மணிநேரம் போகும். அந்தக் கால் மணிநேரத்துக்கும் நான் ஆசையோடு காத்திருக்கிறேன்.

மே மாதத்தில் இன்னொரு விசேஷம். குளிர்ந்த நீர் தன்மேல் இருக்கும் காற்றையும் குளிர்வித்து, கனமான ஒரு படையாகத் தண்ணீரோடு ஒட்டி நிற்கச் செய்துவிடும். மேலே சூடான தெற்குக் காற்று வேகமாய்ப் போகும். கீழே அது இறங்காது. கழகத்துக் கொடிக்கம்ப உச்சியில் கொடி படபடக்கும், படகுக்குப் பக்கத்தில் நீர் அசையாமல் கிடக்கும். பாயின் மேல்பாதிக்கு ஒரு காற்று, கீழ்ப்பாதிக்கு வேறு காற்று. அப்படிப்பட்ட நாளில் முழங்கால் மடித்துப் படகின் நடுவில் பதுங்கி, அசையாமல், முன்பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பாயின் இரு பக்கத்து நூலும் நேராகப் பின்னால் பறந்தால் எல்லாம் சரி. ஒரு பக்கத்து நூல் துவண்டால் சுக்கானை ஒரு விரலளவு அசைக்க வேண்டும். உலகத்தில் வேறு எதுவும் இல்லாமல் அந்த இரண்டு நூல் மட்டும் இருக்கும் நேரம் அது. வேலை, வங்கிக் கடன், ஊர்ச் செய்தி, எதுவும் அங்கே நுழையாது. பலர் பலத்த காற்றைத்தான் விரும்புவார்கள். எனக்கு இந்த மெல்லிய காற்றுதான் பெரிய விருந்து.

காற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஏனென்றால் பாய்ப்படகு ஓட்டும் இன்பத்தில் முக்கால் பங்கு அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் தடங்களை மட்டும் வைத்து அது எங்கே இருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறது என்று கண்டுபிடிப்பது. ஒவ்வொரு பருவமும் போன பருவத்தில் தெரியாத ஏதாவது ஒன்று பிடிபடும். இந்த வருடம் என்ன பிடிபடும் என்பதுதான் என் பெரிய எதிர்பார்ப்பு.

ஜூன் மாதத்து ஒரு நல்ல நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அசைவில்லை. பத்து, பதினொரு மணியளவில் நகரத்து நிலமும் வீதியும் கூரைகளும் சூடாகும்; அங்கே காற்று மேலே எழும்பும்; அந்த இடத்துக்கு ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஊரில் பகல் கடற்காற்று வருவதும் இப்படித்தான். வருவதற்கு முன் அறிகுறி காட்டும். ஏரிக்கு மேலே வானம் துடைத்துவிட்டபடி இருக்கும். கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, நகரத்துக்கு மேலே, வெள்ளை முகில் திரள்கள் ஒரு வரிசையாக நிற்கத் தொடங்கும். அப்புறம் தெற்கே, தொடுவானத்துக்குச் சற்று இப்பால், தண்ணீரில் ஒரு கரும்கோடு தெரியும். அது தடிக்கும். நெருங்கும். படகுக்கு ஐம்பது யார் தூரத்தில் சுருக்கங்களாய்த் தெரியும். அடுத்து கழுத்தில் குளிர் படும், பாய் ஒரு சத்தத்தோடு நிரம்பும். அந்தக் காற்று நின்ற இடத்தில் நிற்பதுமில்லை. பூமி சுழல்வதால் பின்னேரம் ஆக ஆக வலப்பக்கமாகத் திரும்பும்: தென்கிழக்கில் தொடங்கினால், தெற்காகி, நாலு ஐந்து மணிக்குத் தென்மேற்காகிவிடும். போட்டிக்குப் போகிறவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்பே முடிவெடுக்கலாம்.

வடக்குக் காற்று வேறு குணம். அது நகரத்தின் உயர்மாடிகளுக்கு நடுவே புகுந்து வருவதால் ஒரே சீராக இருக்காது. ஒரு வீச்சு வரும், நிற்கும், அடுத்தது இருபது பாகை தள்ளி இன்னொரு பக்கத்திலிருந்து வரும். இங்கே தண்ணீரை மட்டும் பார்த்தால் போதும். கரும்திட்டுகள் விரைந்து ஓடிவரும். அவை எங்கள்மேல் விழும் நொடியை எண்ணிக்கொண்டே கால்களைப் படகின் தரையில் உள்ள பட்டிக்குள் கொழுவி, உடம்பை வெளியே தள்ளத் தயாராக இருக்க வேண்டும். காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்ப்படகும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகித்தான் போகும். ஆகவே காற்றுக்கு எதிரே உள்ள இடத்துக்குப் போக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திரும்பி ஏற வேண்டும். வடக்குக் காற்றில் ஒவ்வொரு திசைமாற்றத்தையும் நமக்குச் சாதகமாகப் பிடித்தால் நல்ல தூரம் மிச்சமாகும். பிடிபடும் நாளில் உள்ளுக்குள் எழும் சந்தோஷத்தை அடக்கமாட்டாமல் நான் சத்தம் போட்டுவிடுவேன்.

இன்னும் ஒன்று. நடுக்கோடையில் மேற்குக் காற்று இரண்டொரு நாள் விடாமல் வீசினால், நேற்று 20 பாகையில் இருந்த கரைநீர் இன்று 10க்கும் கீழே போயிருக்கும். குளிக்கப் போனவர்கள் அலறியடித்து வெளியே வருவார்கள். காற்று தள்ளும் மேல்நீர், பூமியின் சுழற்சியால் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது நம் கரையைவிட்டு நடு ஏரிப் பக்கம் நகர்ந்துவிடும். அந்த இடத்துக்கு அடியில் இருந்த குளிர்நீர் எழும்பி வரும். ஜூலையில் ஒரே நாளில் ஏரி திரும்பவும் ஏப்ரலாகிவிடும். மேலே வந்த நீரால் காற்றின் குணமும் மாறும். ஒன்றோடு ஒன்று பிணைந்த இந்த விஷயங்களைப் புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கையைத் தண்ணீரில் விட்டு, ஓ, நேற்றுவரை மேற்குக் காற்று அல்லவா, என்று உணர்ந்து சொல்லும் சுகம் தனி.

வார நாட்களின் மாலைகளைச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் இந்த நகரத்தில், ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். ஐந்து மணிக்கு வேலை முடித்து, ஆறு மணிக்குத் தண்ணீரில் இருந்தால், மூன்று மணிநேர வெளிச்சம் நம்முடையது. அணைப் பக்கம் போனால் நீர்க்காகங்கள் கூட்டமாகத் தண்ணீரை ஒட்டிப் பறந்து கூடு திரும்பும். மரங்களில் அவற்றின் எச்சத்தால் இலை எல்லாம் கொட்டிப்போய், வெள்ளையாய் நிற்கும் கிளைகள். நாற்றம் காற்றுக்குக் கீழே அரை மைல் தூரம் வரும். அதையும் விரும்பக் கற்றுக்கொண்டேன். மேற்கே 553 மீற்றர் சி.என். கோபுரம். அந்த நகரத்தில்தான் ஒரு மணிநேரத்துக்கு முன் நெரிசலில் நின்றிருந்தோம் என்பதை நம்ப முடியாது.

தென்மேற்குக் காற்று பலமாய் இருந்தால் அந்த மாலைகளில் இன்னொன்றும் நடக்கும். காற்றைப் பக்கவாட்டில் வாங்கி, இரண்டு பேரும் உடம்பை வெளியே எறிந்து சமன் செய்யும்போது, படகு தன் முன்னலையின் மேலேறிச் சறுக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது இப்போது தண்ணீரின்மேல் போகும். சுக்கான் மெல்ல முரலும். நீர்த்துளி முகத்தில் அறையும். படகின் முன்பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்காது. அரை நிமிடம் நீடித்தாலே போதும், அந்தக் கிழமை முழுக்க உடம்பில் இருக்கும்.

இந்தப் பருவத்தில் தீவைச் சுற்றிவர ஆசை. ரொறன்ரோத் தீவு 1858 வரை தீவாக இருக்கவில்லை. கரையோடு ஒட்டிய ஒரு மணல்நாக்கு. அந்த வருடத்துப் புயல் ஒன்று அதை அறுத்துக் கிழக்கு வாய் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. வெளித்துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, தீவின் தென்கரையோடு மேற்கே போய், ஜிப்ரால்டர் முனையைத் தாண்டி, விமான நிலையத்தை விலத்தி, மேற்கு வாயால் உள்துறைமுகத்துக்குள் நுழைந்து, பயணிப் படகுகளுக்கு வழிவிட்டு, கிழக்கு வாயால் வீடு திரும்ப வேண்டும். ஜிப்ரால்டர் முனையில் 1808இல் கட்டிய கல் வெளிச்சவீடு இருக்கிறது. கட்டியபோது நீருக்குப் பக்கத்தில் நின்றது. மணல் சேர்ந்து சேர்ந்து இப்போது கரை தள்ளிப்போய்விட்டது. தண்ணீரிலிருந்து அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே சுற்றில் எல்லாத் திசைக் காற்றையும் பாய் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், காலையிலிருந்து மாலைவரை வேறு யோசனைக்கு இடமிருக்காது. 2017இலும் 2019இலும் ஏரி நீர்மட்டம் ஏறித் தீவு வெள்ளத்தில் நின்றது. அப்படி ஒரு வசந்தம் இந்த முறை வராமல் இருக்க வேண்டும்.

என் அண்ணனின் மகளுக்குப் பதினைந்து வயது. போன வருடம் முன்பாயைக் கவனித்தாள். கயிற்றை விடச் சொன்னால் விடுவாள், இழுக்கச் சொன்னால் இழுப்பாள். செப்டெம்பரில் ஒரு நாள், நான் சொல்லும் முன்பே, "சித்தப்பா, அங்க பாருங்கோ, காத்து வருது" என்று தண்ணீரைக் காட்டினாள். நான் அந்தத் திட்டைக் கண்டிருக்கவில்லை. கரைக்கு வந்து பாயைச் சுருட்டும்போது, "வாற வருசம் நான் பிடிக்கட்டே?" என்று சுக்கானைத் தொட்டுக் கேட்டாள். அவள் பிடிக்கப்போகிறாள். நான் முன்பாய்க்கு வருகிறேன். இந்தப் பருவத்தில் நான் எதிர்பார்ப்பவற்றில் முதலாவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவளுக்குத் தனியாள் படகிலும் ஒரு கண் இருக்கிறது. ஒட்டாவாவில் பிறந்த புரூஸ் கேர்பி 1969இல் ஒரு தொலைபேசி அழைப்பின்போது தாளில் கீறத் தொடங்கி, பிறகு லேசர் என்று உலகம் முழுக்கப் பரவிய படகு. 59 கிலோ எடை, ஒரு பாய், ஓர் ஆள். சென்னைப் பெண் நேத்ரா குமணன் அந்த வகைப் படகில்தான் தகுதி பெற்று, ஒலிம்பிக்கில் பாய்ப்படகுப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் பெண் ஆனார். தோக்கியோவிலும் பின்னர் 2024 பாரிஸ் போட்டியிலும் பங்குகொண்டார். அவரது படம் ஒன்று என் பெறாமகளின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டச் சொல்லவில்லை.

ஜூலை, ஓகஸ்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், கூட்டம், அடியில் வளர்ந்த பாசி நடுப்பலகையில் சுற்றும். பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போக நல்ல மாதங்கள்.

செப்டெம்பர்தான் அறுவடை. நீர் இன்னும் சூடாக இருக்கும், காற்று குளிரத் தொடங்கும். மே மாதத்துக்கு நேர் எதிர். இப்போது மேலே போகும் காற்று தடையில்லாமல் கீழே இறங்கும், வீச்சுகள் கனமாய் விழும். மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிக்கோவுக்குப் புறப்படும் காலமும் அதுதான். லெஸ்லி அணையின் மரங்களில் கூட்டமாய்த் தங்கி, காற்று ஒத்துவந்ததும் கிளம்பும். படகில் இருக்கும்போது செம்மஞ்சளாய் ஒன்று பாயைத் தாண்டி ஏரியை நோக்கிப் போகும். நாங்கள் பாதுகாப்பு அங்கியும் கயிறும் கம்பியும் வைத்துக்கொண்டு அணையைத் தாண்ட யோசிக்கும் நாளில், அது வெறும் செட்டையோடு போகிறது. ஒக்டோபர் நடுவில் படகுகளை மீண்டும் கரையேற்றுவோம். அதை இப்போது நினைக்கப் போவதில்லை.

வர விரும்புபவர்களுக்குச் சில வார்த்தை. இயந்திரம் இல்லாத பாய்ப்படகை ஓட்டக் கனடாவில் படகோட்டி அட்டை எடுக்க வேண்டியதில்லை. படகு வாங்கவும் வேண்டாம். கழகத்துப் படகுகளை அங்கத்தவர்கள் எல்லோரும் பயன்படுத்தலாம், புதியவர்களுக்குக் கற்றுத்தருவார்கள். வயது தடையில்லை. ஆனால் நீந்தத் தெரியாவிட்டால் முதலில் அதைப் பழகுங்கள். நகரசபைத் தடாகங்களில் பெரியவர்களுக்கும் வகுப்பு இருக்கிறது. கடலோரத்தில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாமல் இங்கே வந்து சேர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களைக் கடலிலிருந்து பிரித்தது எது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளையாவது தண்ணீரில் பழக விடுங்கள்.

வசந்தத்தில் பெரும்பாலான கழகங்கள் புதியவர்களுக்காக ஒரு நாள் கதவைத் திறந்துவைக்கும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் ஏப்ரல் கடைசியில் எங்கள் சிரமதானத்துக்கு வாருங்கள். தடித்த கையுறையும், நனைந்தாலும் பரவாயில்லாத சப்பாத்தும் வேண்டும். முதல் வேலை இறங்குதுறைகளைத் தண்ணீரில் தள்ளுவது. அதற்கு எந்த வருடமும் ஆள் போதியதில்லை.